கோபுரத்தில் கழற்றிய சப்பாத்து

நான் மிக நீண்ட காலம் வகித்தது பேராசிரியர் பதவி என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. அதைவிட நீண்ட காலம் கோயில் வாசலில் சப்பாத்துக் காக்கும் பதவியை வகித்திருக்கிறேன். பல்கலைக்கழகம் ஒரு விருந்தும் ஒரு சுவர்க் கடிகாரமும் தந்து என்னை முறைப்படி வழியனுப்பியது. மற்றப் பதவியிலிருந்து நான் விடுபட்டது என் மனைவி பவானி மறைந்த அன்று. அதற்கு விருந்தும் இல்லை, முன்னறிவிப்பும் இல்லை.

அந்தப் பதவி எனக்குக் கிடைத்த வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன். கனடாவுக்கு வந்த முதற் குளிர்காலத்தில் பவானி ஸ்காபரோவில் ஒரு கோயிலுக்குப் போனாள். வாசலில் குவிந்து கிடந்த பூட்ஸ்களுக்கு நடுவே தன்னுடைய புத்தம் புதிய பூட்ஸையும் கழற்றி வைத்தாள். கும்பிட்டுத் திரும்பியபோது அவளுக்கு மிஞ்சியவை இரண்டு பூட்ஸ். நிறம் ஒன்று, அளவு ஒன்று, இரண்டும் இடது காலுக்குரியவை. (இரண்டு வலது கால் பூட்ஸோடு அந்தக் குளிர்காலத்தைக் கடத்திய அம்மையார் யாரென்பது இன்றுவரை துலங்கவில்லை.) வீட்டுக்கு வந்த பவானியின் நடை ஒரு பக்கமாகவே திரும்பிக்கொண்டிருந்தது.

அன்று தொடங்கியது என் காவல். எந்தக் கோயில் வாசலிலும் அவள் ஒரே வசனத்தைத்தான் சொல்வாள்.

"இஞ்சருங்கோ, சப்பாத்தைப் பாத்துக்கொள்ளுங்கோ. வாறன்."

நான் சுவரில் சாய்ந்து நின்று ஓர் ஆய்விதழை விரிப்பேன். கடவுள் உண்டா இல்லையா என்பதில் எனக்குத் திடமான கருத்து எதுவும் இருந்ததில்லை. போதிய தரவு இல்லை என்று சொல்லித் தீர்மானத்தை ஒத்திவைத்திருந்தேன். உள்ளே மணி அடிக்கும். வெளியே நான் உத்திரங்களின் வளைவைப் பற்றி வாசித்துக்கொண்டிருப்பேன். அவள் நெற்றியில் திருநீற்றோடு வந்து, முதலில் பூட்ஸைப் பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள். இரண்டும் வைத்த இடத்தில் இருப்பதில் அவளுக்கு ஒரு திருப்தி.

இத்தனை கால அனுபவமுள்ள ஒருவன், டோக்கியோ நகரின் நடுவே உலகமே வந்து பார்க்கும் ஒரு கோபுரத்தின் உச்சியில், தன் சொந்தச் சப்பாத்தைக் காவலின்றி விட்டான். விட்டு, கோபுரத்தின் ஒரு தளத்தையே கலங்கடித்தான். அந்த வெட்கக்கேட்டை வேறு யாராவது மிகைப்படுத்திச் சொல்வதற்கு முன் நானே எழுதிவிடுவது நல்லது. (பிக்கரிங்கில் வசிக்கும் என் மைத்துனர் சிவாவின் பதிப்பில் ஏற்கெனவே இரண்டு ஹெலிகொப்டர்கள் வந்துவிட்டன.)

பவானி மறைந்து ஓராண்டு கழிந்திருந்தது. அஜின்கோர்ட் வீட்டில் நான் தனியே இருந்தேன். சமைத்தேன், உண்டேன், கோப்பை கழுவினேன், வாசலில் பனி வழித்தேன். கதைப்பதற்குத்தான் தேவை எதுவும் ஏற்படவில்லை. மகள் துளசி ஸ்ரௌவ்வில்லிலிருந்து நாள்தோறும் தொலைபேசுவாள்.

"எப்பிடியப்பா இருக்கிறீங்கள்?"

"இருக்கிறன்."

"உந்த 'இருக்கிறன்' ஒரு ஆன்சரே இல்லையப்பா."

இலக்கணப்படி அது முழுமையான வாக்கியம் என்று நான் விளக்கினேன். அவள் மறுமுனையில் பெருமூச்சு விட்டாள்.

துளசி ஒரு வங்கியில் கணினிப் பிரிவில் வேலை செய்கிறாள். அந்த வசந்தத்தில் வேலை விடயமாக அவள் டோக்கியோ போக நேர்ந்தது. என்னையும் கூட வரச் சொன்னாள். என் உதவி தேவைப்படுகிறது என்று நினைத்தேன். பெட்டி தூக்கவும் கடவுச்சீட்டைப் பத்திரப்படுத்தவும் தகப்பன் ஒருவர் வேண்டும்தானே! அந்த வீட்டில் என்னைத் தனியே விட்டுப் போக அவளுக்குப் பயமாக இருந்தது என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. அவள் அதைச் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எங்கள் குடும்பத்தில் தகப்பன் வழியாக வருவது.

ஜப்பான் என்னைக் கவர்ந்துவிட்டது. ஒரு நாடே சப்பாத்தைக் கழற்றத் தெரிந்து வைத்திருந்தது. கியோத்தோவில் நாங்கள் தங்கிய பழைய விடுதியில், வாசலில் நான் கழற்றி வைக்கும் சப்பாத்தை விடுதிக்கார அம்மா நாள்தோறும் எடுத்து, முன்பக்கம் வெளியே பார்க்கும்படி திருப்பி, இரண்டையும் சேர்த்து ஒட்டி வைப்பார். திரும்பக் காலைப் போட வசதியாக இருக்குமாம். அதன் ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்தது. மூன்றாம் நாள் நானே அவ்வாறு வைத்தேன். அந்த அம்மா கைதட்டினார். முதிய வயதில் புதிதாக ஒன்றைக் கற்றுத் தேறியவனுக்குரிய செருக்கு எனக்குள் புகுந்தது அப்போதுதான்.

டோக்கியோவுக்குத் திரும்பி, கடைசி நாளில் கோபுரத்துக்குப் போனோம். செம்மையும் வெண்மையுமாகப் பூசிய இரும்புச் சட்டங்கள் பின்னிப் பின்னி மேலே போயின. கட்டமைப்புப் பொறியியல் கற்பித்தவன் அதைக் கண்டும் வாய் மூடியிருப்பது சாத்தியமில்லை. காற்றின் விசை எப்படி நான்கு கால்களுக்கும் இறங்குகிறது என்பதை வரிசையில் நிற்கும்போதே துளசிக்கு விளக்கத் தொடங்கினேன். எங்களுக்கு முன்னால் நின்ற தம்பதியினர் தமிழ் தெரியாமலேயே ஓரடி தள்ளி நின்றார்கள்.

"அப்பா."

"என்ன?"

"ஒண்டுமில்லை. நீங்கள் கதையுங்கோ. நான் கேக்கிறன்."

அவள் கண் கலங்கியிருந்தது. இரும்புச் சட்டங்களைப் பற்றிய விளக்கம் ஒருவரை இவ்வளவு நெகிழச் செய்ததை என் முழுப் பணிக்காலத்திலும் நான் கண்டதில்லை.

பார்வைத்தளம் இரண்டு அடுக்குகளாக இருந்தது. கீழடுக்கில் லிஃப்ட், கண்ணாடிச் சுவர், ஒரு மூலையில் வெளிப்படிக்கட்டுக்குப் போகும் கதவு. கால்நடையாக இறங்க விரும்புவோர் அவ்வழியே கம்பிவலையிட்ட படிகளில் இறங்கலாம். உள்ளே சிறிய படிகளில் ஏறினால் மேலடுக்கு. நாங்கள் கீழடுக்கைச் சுற்றி நகரத்தின் நான்கு திசைகளையும் பார்த்தோம். முடிவே இல்லாத கூரைகள்.

"அடுத்த சமருக்கு யூரோப் போவமா அப்பா?" என்று துளசி கேட்டாள்.

"இருந்தால் பாப்பம்" என்றேன்.

(என் வயதுக்காரர் யாவரும் அப்படித்தான் சொல்வார்கள். அடுத்த கிழமை பல் வைத்தியரிடம் போவதற்கும் அதையே சொல்வோம்.)

அவள், கீழே கோபுரத்தின் அடியில் உள்ள கடையில் பரிசுப் பொருட்கள் வாங்கப் போவதாகச் சொல்லி, எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். அதற்கு நான் அளித்த மறுமொழியை இங்கே முழுமையாகப் பதிவு செய்கிறேன்.

"நீ போ பிள்ளை. எனக்கு இனி ஒண்டும் வேணாம். எல்லாம் பாத்திட்டன்."

நான் குறிப்பிட்டது கடையில் விற்கும் சாவிக்கோர்வைகளையும் நான்கு திசைகளையும் மாத்திரமே.

அவள் போனபின் மேலடுக்குக்கு ஏறினேன். அங்கேதான், யாரும் எதிர்பாராத ஓர் இடத்தில், நினைவுப்பொருட் கடைக்குச் சற்றுத் தள்ளி, ஒரு சின்னஞ்சிறு கோயில் இருந்தது. எங்கள் வீட்டுச் சாமி அலுமாரியைவிடச் சற்றே பெரியது. மரத்தாலான முகப்பு, ஒரு காணிக்கைப் பெட்டி, அவ்வளவுதான். மனிதர்கள் வந்து இரண்டு முறை கைதட்டிக் குனிந்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள்.

பவானி வந்திருந்தால் இங்கே நின்றிருப்பாள். அது யாருடைய தெய்வம் என்று விசாரித்திருக்கமாட்டாள். என்னைத் திரும்பிப் பார்த்து அந்த ஒரே வசனத்தைச் சொல்லியிருப்பாள். நான் சுவரைத் தேடியிருப்பேன். பழக்கத்தில் அன்றும் சுவரில் போய்ச் சாய்ந்தேன். சாய்ந்தபின் காப்பதற்கு எதுவும் இல்லை என்பது புலப்பட்டது.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. அவளுடைய பங்கை இன்று நான் செய்யலாமே என்று தோன்றியது.

செய்வதென்றால் ஒழுங்காகச் செய்ய வேண்டும். பவானியின் விதிகள் எனக்கு மனப்பாடம். ஒன்று, சப்பாத்தைச் சந்நிதிக்கு எதிரே கழற்றக்கூடாது. கோயிலுக்கு வெளியே, படிக்குக் கீழே வைக்க வேண்டும். ஆகவே மீண்டும் கீழடுக்குக்கு இறங்கினேன். நடமாட்டம் குறைந்த இடமாகப் பார்த்தேன். வெளிப்படிக்கட்டின் கதவோரம் துப்புரவாக இருந்தது. அங்கே சப்பாத்தைக் கழற்றினேன். காலுறைகளையும் கழற்றி, மடித்து உள்ளே செருகினேன். கியோத்தோவில் கற்ற கலையை மறக்காமல், இரண்டையும் ஒட்டி, முன்பக்கம் கதவையும் அதற்கப்பால் உள்ள ஆகாயத்தையும் நோக்கும்படி திருப்பி வைத்தேன். விடுதிக்கார அம்மா பார்த்திருந்தால் கைதட்டியிருப்பார்.

மற்றது, தோற்பொருள் எதையும் சந்நிதிக்குக் கொண்டுபோகக்கூடாது. தோல்வார் கட்டிய கைக்கடிகாரத்தைக் கழற்றி ஒரு சப்பாத்துக்குள் வைத்தேன். தோலுறை போட்ட கைப்பேசியை மற்றதற்குள் வைத்தேன். இடுப்புப் பட்டியும் தோல்தான். அதைக் குறித்துச் சிறிது ஆலோசித்தேன். அந்த ஓராண்டில் என் உடல் மிகவும் மெலிந்துவிட்டிருந்தது. பட்டி இல்லாவிடில் காற்சட்டைக்கு என்ன நேரும் என்பதைப் புவியீர்ப்பைப் பற்றிய என் அறிவு தெளிவாக எடுத்துரைத்தது. பட்டியை விட்டுவிட்டேன். (எங்கள் ஊர்க் கோயில்களின் முறைப்படி மேற்சட்டையையும் கழற்ற வேண்டும் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. ஜப்பானிய மக்களின் நல்லூழ்.)

வெறுங்காலோடு மேலே போய்ச் சந்நிதியில் நின்றேன். பள்ளியில் மனனம் செய்த தேவாரம் இரண்டாம் வரியோடு நின்றுவிட்டது; மூன்றாம் வரியின் இடத்தில் உத்திரம் வளைவதற்கான சூத்திரம் வந்து நின்றது. அதையும் ஒதுக்கிவிட்டு, "பவானி வந்திருந்தா உங்களைப் பாக்காமல் போயிருக்கமாட்டா" என்று அந்தத் தெய்வத்துக்குத் தகவல் தெரிவித்தேன். வேறெதுவும் கேட்கத் தெரியவில்லை.

கும்பிட்டால் மூன்று முறை வலம் வர வேண்டும் என்பதும் அவளுடைய விதியே. கோயில் சுவரோடு ஒட்டியிருந்தது. ஆகவே மேலடுக்கு முழுவதையுமே வலம் வரலானேன். கடை, குளிர்பான இயந்திரம், படம் எடுக்கும் இடம் எல்லாவற்றையும் உள்ளடக்கிய பிரதட்சிணம் அது. கோட்டு அணிந்து, கைகளைக் கூப்பி, வெறுங்காலோடு மெதுவாக நடக்கும் முதியவருக்கு மக்கள் மரியாதையோடு வழி விட்டார்கள். ஒலிபெருக்கியில் ஏதோ அறிவித்தல் வந்தது. பிறகு மீண்டும் வந்தது, சற்று அவசரமாக. அந்த நாட்டில் குடையை மறக்காதீர்கள் என்பதற்குக்கூட இனிய குரலில் அறிவித்தல் உண்டு என்பதால் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. சீருடை அணிந்த இருவர் என்னைக் கடந்து வேகமாக ஓடினார்கள். வலம் வரும்போது ஓடுவது நல்ல பழக்கமல்ல என்று எண்ணிக்கொண்டேன்.

மூன்றாம் சுற்றை முடித்து, உண்மையிலேயே மனம் சற்று இலேசாகி, கீழடுக்குக்கு இறங்கினேன்.

அங்கே ஒரு கூட்டம். வெளிப்படிக்கட்டின் கதவு மூடப்பட்டு, அதன் முன் கயிறு கட்டியிருந்தார்கள். பணியாளர்கள் அரைவட்டமாக நின்றார்கள். வெள்ளைக் கையுறை அணிந்த காவலாளி ஒருவர், ஏறக்குறைய என் வயதுக்காரர், நிலத்தில் முழந்தாளிட்டு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் இயக்கும் இளம் பெண் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நான் கூட்டத்தின் பின்னால் நின்று, கால்விரல்களில் எம்பி, என்னவென்று பார்க்க முயன்றேன். தெரியவில்லை. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெண்மணியிடம் ஆங்கிலத்தில் விசாரித்தேன். அவர் வன்கூவரிலிருந்து வந்தவர்.

"யாரோ ஒரு வயதானவராம்" என்று அவர் தாழ்ந்த குரலில் சொன்னார். "உயரமான இடத்தில் சப்பாத்தைக் கழற்றி, ஒழுங்காகச் சேர்த்து வைத்துவிட்டுப் போனால், இந்த நாட்டில் அதற்கு ஒரு பொருள் இருக்கிறது."

அந்தப் பொருள் எனக்கு மெல்ல விளங்கியது. அது குதிக்கப் போகிறவர் செய்வது. யாரோ ஒரு மனிதர். தனித்துப் போனவராக இருக்கலாம். அவருக்குப் பிள்ளைகள் இருப்பார்களோ! "பாவம்" என்று தமிழில் வாய்விட்டுச் சொன்னேன். மனமார வருந்தினேன். கூட்டம் சற்று விலகியபோது அவருடைய சப்பாத்தும் தெரிந்தது. நல்ல சப்பாத்து. பழுப்பு நிறம். வலது குதி என்னுடையதைப் போலவே ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தது. ஒரே மாதிரி நடக்கும் மனிதர் போலும் என்று நினைத்தேன். அவரிடமும் தோல்வார்க் கடிகாரம் ஒன்று இருந்தது.

அதன் பிறகு குனிந்து என் காலைப் பார்த்தேன்.

பட்டமளிப்பு விழாக்களுக்குத் தலைமை தாங்கியவன் நான். ஆயிரம் பேர் முன்னிலையில் பேசியவன். அந்த வேளையில் கையை உயர்த்தி "ஐயா, அது என்னுடையது" என்று சொல்ல என்னால் முடியவில்லை. வெட்கம் என்னை நிலத்தோடு அறைந்து வைத்துவிட்டது. மெதுவாக லிஃப்டுக்குள் நழுவி, வெறுங்காலோடு கீழே போய், எங்காவது புதுச் சப்பாத்து வாங்கிக்கொண்டு கனடாவுக்குப் பறந்துவிடலாமா என்றுகூட எண்ணினேன். அப்படியே லிஃப்டை நோக்கி ஓரடி வைத்தேன்.

லிஃப்ட் திறந்தது. துளசி வந்தாள்.

நடந்தது இதுதான். சிவா மாமாவுக்குக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தம் சிவப்பில் வாங்குவதா வெள்ளையில் வாங்குவதா என்று கேட்க, கடையிலிருந்து அவள் என்னை அழைத்திருக்கிறாள். மணி சப்பாத்துக்குள் ஒலித்திருக்கிறது. எடுத்தவர் காவலாளி. உடைந்த ஆங்கிலத்தில் அவர் சொல்லியிருக்கிறார்: சப்பாத்து இருக்கிறது, மனிதர் இல்லை.

அவள் ஓடி வரவில்லை. பணிப்பெண் ஒருத்தி அவள் முழங்கையைத் தாங்கியிருந்தாள். கூட்டம் தானாகவே வழி விட்டது. அவள் யாரையும் பார்க்கவில்லை; சப்பாத்தை மட்டும் பார்த்தபடி நடந்து போய், குனிந்து, ஒன்றைக் கையில் எடுத்தாள். எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். 'அப்பா' என்று அழைக்கவோ அழவோ இல்லை. அந்த முகத்தை நான் ஒருமுறை ஏற்கெனவே பார்த்திருக்கிறேன், மருத்துவமனையில், அவளுடைய அம்மாவின் கட்டிலருகே.

வெட்கம் எங்கே போயிற்றோ தெரியாது. நான் முன்னே வந்தேன். அவளுக்குச் சொல்ல வேண்டியவை எத்தனையோ இருந்தன. என் வாயிலிருந்து வந்தது இதுதான்.

"பிள்ளை, அதைக் கீழ வை. ஊத்தை."

அவள் திரும்பினாள். என் முகத்தைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். மறுபடி முகத்தைப் பார்த்தாள். அதன்பின், கையிலிருந்த சப்பாத்தை முழுப் பலத்தோடும் என்மீது எறிந்தாள்.

அது நெஞ்சில் பட்டது. உள்ளிருந்த கடிகாரம் தோளுக்கு மேலாகப் பறந்தது. எங்கள் சமூகத்தில் சப்பாத்தால் அடி வாங்குவதைவிடப் பெரிய அவமானம் கிடையாது; அதிலும் பெற்ற பிள்ளையின் கையால், வேற்று நாட்டார் ஐம்பது பேர் முன்னிலையில்! என் வாழ்நாளில் பெற்ற விருதுகள் யாவற்றையும் ஒரு தட்டில் வைத்தாலும் அந்த அடிக்கு ஈடாகா. அவ்வளவு நன்றியோடு அதை வாங்கிக்கொண்டேன்.

"ஏனப்பா!" என்றாள். குரல் அப்போதுதான் உடைந்தது. "ஏனப்பா கழட்டினனீங்கள்?"

"மேல ஒரு சின்னக் கோயில் இருக்கு."

"கோயிலோ?"

"கும்பிடப் போனனான்."

துளசி என்னை உற்றுப் பார்த்தாள்.

"நீங்களோ?"

"ஓம்."

"கும்பிடவோ?"

"ஓம் பிள்ளை."

"அப்பா, சீரியஸ்லி?" அவளால் அதை நம்ப முடியவில்லை. மற்றதை உடனே நம்பியவளால் இதை நம்ப முடியவில்லை. "அம்மா எத்தினை வருசமா உங்களைக் கூப்பிட்டவ! ஒருநாளாவது உள்ள வந்தனீங்களோ? ஸ்காபரோவில வராத ஆள் டோக்கியோவில, அதுவும் உந்த உயரத்தில..."

சொல்லிக்கொண்டே சிரித்துவிட்டாள். சிரிப்பு அழுகையாகி மறுபடி சிரிப்பாயிற்று. என் கோட்டுக் கையைப் பிடித்து அதில் மூக்கைத் துடைத்தாள். சிறு வயதில் செய்த அதே காரியம்.

காவலாளி எறிபட்ட சப்பாத்தை மற்றதோடு சேர்த்து வைத்துவிட்டு, என் கடிகாரத்தையும் தேடி எடுத்து இரு கைகளாலும் நீட்டினார். துளசி தன் கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலியில் ஏதோ தட்டி அவருக்குக் காட்டினாள். என்ன எழுதினாள் என்று பிறகு கேட்டேன். 'என் அம்மா இறந்துவிட்டார். எங்கள் வழக்கப்படி சப்பாத்தைக் கழற்றிவிட்டு, அவருக்காக அப்பா கும்பிடப் போனார்' என்று எழுதினாளாம். அவர் அதை நிதானமாக வாசித்தார். தொப்பியைக் கழற்றினார். ஆழ்ந்து குனிந்து, தனக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தில், "சொறி, சொறி" என்றார்.

என் பிழைக்கு அவர் மன்னிப்புக் கேட்டதை என்னால் தாங்க முடியவில்லை. நானும் குனிந்தேன். மற்றப் பணியாளர்களும் குனிந்தார்கள். யார் முதலில் நிமிர்வது என்று எவருக்கும் தெரியவில்லை. நான் நிமிர்ந்தால் அவர்கள் குனிந்திருந்தார்கள். மீண்டும் குனிந்தால் அவர்கள் நிமிர்ந்துகொண்டிருந்தார்கள். வன்கூவர்ப் பெண்மணி இதையெல்லாம் ஒளிப்பதிவு செய்துகொண்டிருந்தார். என் முதுகு நிரந்தரமாக வளைந்துவிடும் என்று தோன்றியபோது துளசி குறுக்கிட்டாள்.

"அப்பா, எனக்கும் அந்தக் கோயிலைக் காட்டுங்கோ."

சொல்லிவிட்டுத் தன் சப்பாத்தைக் கழற்றினாள். கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பதென்று விழித்தாள். அந்தச் சூழ்நிலையில் அது நியாயமான தயக்கம்தான். காவலாளி வெள்ளைக் கையுறை அணிந்த கையால் என் சப்பாத்துக்குப் பக்கத்தில் ஓரிடத்தைக் காட்டினார். அவள் வைத்ததும், இரண்டு சோடிகளுக்கும் அருகில் போய், கால்களைச் சேர்த்து, கைகளைத் தொடையோடு ஒட்டி, நிமிர்ந்து நின்றுகொண்டார். போய் வாருங்கள் என்பதுபோல் தலையசைத்தார்.

நான் அவரைப் பார்த்தபடியே சில கணம் நின்றுவிட்டேன். என் உத்தியோகத்தை வேறொருவர் பார்ப்பதை நான் கண்டது அதுவே முதல் தடவை. அந்தத் துறையில் நீண்ட அனுபவமுள்ளவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவர் என்னைவிடச் சிறந்த காவலாளி. சுவரில் சாயவில்லை. ஆய்விதழ் வாசிக்கவில்லை.

மேலே, சந்நிதியில், துளசி கண்ணை மூடி நின்றாள். பிறகு கண்ணைத் திறக்காமலே கதைத்தாள்.

"நான் உண்மையாவே நினைச்சனான் அப்பா."

"தெரியும்."

"நினைக்காமல் இருக்கிற மாதிரி நீங்கள் நடக்கேல்லை. ஒரு வருசமா 'இருக்கிறன்', 'இருக்கிறன்'. வேற ஒண்டும் இல்லை."

அவள் சொன்னது சரி. ஐம்பது அந்நியர்கள் நம்பியதில் வியப்பில்லை. என் மகளும் ஒரு விநாடியில் நம்பும்படியாக நான் வாழ்ந்திருக்கிறேன். இதை நான் எந்தத் தளத்திலிருந்தும் பார்த்திருக்கவில்லை.

"நான் அப்பிடிச் செய்யிற ஆள் இல்லை பிள்ளை" என்றேன். பிறகு, பெரும் பிரயத்தனத்தோடு, "எனக்குக் கவலை. சரியான கவலை. அவ்வளவுதான்" என்றேன்.

"அதைச் சொல்லலாம்தானே."

"இப்ப சொல்லிப்போட்டன்."

"உதைச் சொல்ல டோக்கியோவுக்கு டிக்கெற் எடுக்க வேண்டியிருந்ததோ?" என்றாள். என் கையை மட்டும் விடவில்லை.

இறங்கி வந்தபோது காவலாளி அசையாமல் நின்றார். ஒரே ஒரு மாற்றம் செய்திருந்தார். சப்பாத்துகள் இப்போது கதவைப் பார்க்கவில்லை. உட்புறமாக, மனிதர்கள் நடமாடும் பக்கமாக, எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. குதியை எளிதாக நுழைக்க, எங்கிருந்தோ ஒரு நீண்ட சப்பாத்துக் கரண்டியும் கொண்டுவந்து வைத்திருந்தார். நான் காலை நுழைத்ததும் அவரே குனிந்து கயிற்றைக் கட்டினார். தடுத்தேன், கேட்கவில்லை. அவர் கட்டிய முடிச்சு கனடாவுக்கு வந்து சேரும்வரை அவிழவில்லை. கீழே வாசல்வரை கூடவே வந்து, நாங்கள் தெருமுனையில் திரும்பும்வரை கையசைத்துக்கொண்டு நின்றார். அவருடைய பெயரை நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கதை எங்களுக்கு முன்பே ரொறன்ரோவுக்கு வந்துவிட்டது. இப்போது எந்தப் பிறந்தநாள் விழாவிலும் சிவா அதைச் சொல்லாமல் கேக் வெட்டப்படுவதில்லை. "என்ர மக்னெற்றாலதான் அத்தான் தப்பினவர்" என்று தொடங்குவார். (எதிலிருந்து தப்பினேன் என்று கேட்டால் பதில் இல்லை.) "அப்பாவைச் சப்பாத்தால அடிச்ச பெட்டை" என்று துளசியைப் புதியவர்களுக்கு அறிமுகப்படுத்துவார். அவளும் பெருமையோடு தலையசைப்பாள். அந்தக் காந்தம், சிவப்பு நிறத்தது, அவருடைய குளிர்சாதனப் பெட்டியில் நடுநாயகமாக இருக்கிறது.

துளசி இப்போதும் நாள்தோறும் தொலைபேசுகிறாள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பதை நிறுத்திவிட்டாள்.

"சப்பாத்து எங்கயப்பா?"

"காலில" என்றால் வெளியே நடக்கப் புறப்படுகிறேன் என்று பொருள். "றாக்கையில", அதாவது வாசல் தட்டில், என்றால் வீட்டில் நலமாக இருக்கிறேன். சில நாட்களில், பவானியின் தேநீர்க் கோப்பை கண்ணில் பட்டுவிடும் நாட்களில், "கட்டிலுக்குக் கீழ" என்பேன். அப்போது அவள் வேறெதுவும் கேட்பதில்லை. ஸ்ரௌவ்வில்லிலிருந்து காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். இவ்வளவு எளிதாகக் கவலையைச் சொல்லும் வழி ஒன்று இருப்பது எனக்கு இத்தனை காலம் தெரியாமல் போயிற்று.

கடந்த குளிர்காலத்தில் பவானியின் ஆண்டுத் திதியன்று ஸ்காபரோக் கோயிலுக்குப் போனோம். வாசலில் வழமைபோல் பூட்ஸ் மலை. நான் பழக்கத்தில் சுவரை நோக்கி நடந்தேன். துளசி என் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"இண்டைக்கு நீங்கள் உள்ள. கழட்டுங்கோ."

கழற்றினேன். கடிகாரத்தையும் கைப்பேசியையும் வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அவற்றைப் பூட்ஸுக்குள் வைக்க எனக்கு ஆயுட்காலத் தடை. பிறகு தன் வெள்ளைக் கம்பளிக் கையுறைகளை மாட்டிக்கொண்டாள். என் பூட்ஸை எடுத்து, சேர்த்து ஒட்டி, உட்புறம் பார்க்கத் திருப்பி வைத்தாள். அதற்கு அருகில் கால்களைச் சேர்த்து, கைகளைத் தொடையோடு ஒட்டி, நிமிர்ந்து நின்றாள். உள்ளே போய்க்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

எனக்கு ஒரு வசனம் சொல்ல வேண்டியிருந்தது. நெடுங்காலம் கேட்டுக்கொண்டே இருந்த வசனம், சொல்லிப் பழக்கமில்லை.

"பிள்ளை, சப்பாத்தைப் பாத்துக்கொள். வாறன்."

துளசி சிரிக்காமல், அந்தக் காவலாளியைப் போலவே ஆழ்ந்து குனிந்தாள். நானும் குனிந்தேன். அவள் முதலில் நிமிரும்வரை காத்திருந்துவிட்டு, உள்ளே போனேன்.